அஞ்சலா, மன்றமா?

ஊரில் உள்ள பலருக்கு ஒரு செய்தியைத் தெரிவிக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஓலை எழுதி அனுப்புவது ஒரு வழி. ஊர்ச் சாவடியின் சுவரில் ஒரே ஓர் அறிவிப்பை ஒட்டிவைத்து, வேண்டியவர் வந்து படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது மற்றொரு வழி. முன்னதில் செய்தி மனிதனைத் தேடி வருகிறது. பின்னதில் மனிதன் செய்தியைத் தேடிப் போகிறான். இரண்டும் பழைய வழிகளே. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலத்திலும் மனிதருக்குத் தோன்றியவை இந்த இரண்டு வழிகள்தாம். ஓலை மின்னஞ்சல் ஆயிற்று. சாவடிச் சுவர் செய்திக்குழு ஆயிற்று.

பலர் கூடி நடத்தும் உரையாடலைத் தொடர்ந்து கேட்க விரும்புகிறவர் இவ்விரண்டினுள் எதைத் தேர்வது? சென்ற பல பத்தாண்டுகளாகக் கணிப்பொறி அறிந்தவர்களிடையே இருந்துவரும் கேள்வி இது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வசதியைப் பற்றிய சிறு கேள்வியாகத் தோன்றும். ஆனால், நேயர்களே, இதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், ஒரு பொது இடம் எவ்வாறு உண்டாகிறது, எதனால் வாழ்கிறது, எதனால் அழிகிறது என்னும் பெரிய செய்தி இதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

முதலில் பிறந்தது அஞ்சலே. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் 1969-இல் அர்ப்பாநெட் என்னும் கணிப்பொறி வலையமைப்பு தொடங்கியது. 1971-இல் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், ஒரு கணிப்பொறியில் இருப்பவர் மற்றொரு கணிப்பொறியில் இருப்பவருக்கு மடல் அனுப்பும் முறையை ஏற்படுத்தினார். ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த சுழிக் குறியே இன்றும் மின்னஞ்சல் முகவரிகளின் நடுவே நிற்கிறது. ஒருவருக்கு அனுப்பக் கற்றவர்கள் விரைவிலேயே பலருக்கு அனுப்பவும் கற்றனர். 1975-இல், மின்னஞ்சலைப் பற்றியே விவாதிப்பதற்காக ஓர் அஞ்சற் குழு எழுந்தது. ஐனார் ஸ்டெபெருட் என்பவர் அதன் காவலராக இருந்தார். தொடக்கத்தில் அவரே ஒவ்வொரு மடலையும் பெற்று, உறுப்பினர் எல்லாருக்கும் தம் கையாலேயே திருப்பி அனுப்பினார். ஓர் ஊருக்கு ஒரே தபால்காரர் இருப்பதைப் போன்ற நிலை அது.

அந்த ஊருக்குள் நுழைவது எளிதன்று. பாதுகாப்புத் துறையோடு ஆராய்ச்சித் தொடர்புடைய கல்லூரிகளும் நிறுவனங்களுமே அர்ப்பாநெட்டில் சேர முடிந்தது. வெளியே நின்றவர்கள் பலர். அவர்களுள் சில மாணவர்கள் தமக்கென ஒரு சாவடி கட்டிக்கொள்ளத் துணிந்ததே செய்திக்குழுக்களின் தோற்றம்.

1979-ஆம் ஆண்டின் பிற்பகுதி. வட கரோலினா மாநிலத்தில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் பயின்ற டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இருவர், யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைப் பயன்படுத்தும் கணிப்பொறிகள் தொலைபேசி வழியாகச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டால் என்ன என்று எண்ணினர். அண்டை ஊரான சாப்பல் ஹில்லில் இருந்த வட கரோலினாப் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். தனிக் கம்பியும் பெருஞ்செலவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்தைத் தொலைபேசியில் அழைக்கும். தன்னிடம் உள்ள புதிய செய்திகளைக் கொடுக்கும். அதனிடம் உள்ளவற்றை வாங்கிக்கொள்ளும். பிறகு அழைப்பைத் துண்டித்துவிடும். அந்த இரண்டாவது இயந்திரம் மூன்றாவதற்குச் சொல்லும். இவ்வாறு செவிவழிச் செய்தி ஊர் ஊராகப் பரவுவது போல ஒருவர் எழுதியது பல இயந்திரங்களுக்கும் பரவியது. ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் உண்டு. ஆதலால் முன்பே வந்த செய்தி மறுபடி வந்தால் இயந்திரம் அதை ஏற்காது. 1980-இல் இந்த அமைப்பை அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். யூஸ்நெட் என்பது அதன் பெயர். ஏழைகளின் அர்ப்பாநெட் என்று அதைப் பலர் அழைத்தனர். நாள் ஒன்றுக்கு ஒன்றிரண்டு செய்திகள் வரக்கூடும் என்பதே அதை அமைத்தவர்களின் மதிப்பீடு!

அந்த மதிப்பீடு பிழைத்துப்போனது. எழுத விரும்பியவர்கள் அவர்கள் நினைத்ததைவிட மிகப் பலர். 1981-இல் பெர்க்கிலியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த மேரி ஆன் ஹார்ட்டன் இரு உலகங்களுக்கும் இடையே ஒரு வாயிலைத் திறந்துவைத்தார். அர்ப்பாநெட்டின் அஞ்சற் குழுக்களில் வந்த மடல்கள் அந்த வாயில் வழியாக யூஸ்நெட்டிலும் செய்திகளாகத் தோன்றின. அறிவியற் புனைகதை விரும்பிகளின் குழுவும், கணிப்பொறி வலையால் மனித வாழ்வு எவ்வாறு மாறும் என்று விவாதித்த குழுவும் அவ்வாறு வந்தவற்றுள் அடங்கும். அன்று முதல் ஒரே உரையாடலை அஞ்சலாகவும் பெறலாம். மன்றத்திலும் படிக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. தேர்வு என்னும் கேள்வி பிறந்ததும் அப்போதுதான்.

அந்தத் தேர்வில் எப்பக்கம் நியாயம் மிகுதி? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் நூறு பேர் ஓர் அஞ்சற் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். குழுவில் ஒருவர் ஒரு மடல் எழுதினால் அந்தக் கல்லூரிக் கணிப்பொறியில் நூறு படிகள் சேமிக்கப்படும். நாள்தோறும் ஐம்பது மடல் வந்தால் ஐயாயிரம் படிகள். நினைவகம் பொன் போல விலை பெற்றிருந்த காலத்தில் இஃது எத்தகைய வீண் செலவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அன்றியும் ஒருவர் வேலை மாறினால், ஒருவர் விலகினால், ஒருவர் புதிதாகச் சேர்ந்தால் அட்டவணையைத் திருத்த ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். செய்திக்குழுவிலோ ஒரு கல்லூரிக்கு ஒரு படி போதும். நூறு பேரும் அதையே படிப்பார்கள். சில வாரங்கள் சென்றபின் பழைய செய்திகளை இயந்திரமே அகற்றிவிடும்.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரையன் கான்டரும் பில் லாப்ஸ்லியும் வெளியிட்ட ஒரு விதிமுறை ஆவணம் இந்த வாதத்தைத்தான் தன் முன்னுரையில் எடுத்துரைக்கிறது. செய்திகளை ஓர் இடத்தில் வைத்து, படிப்பவரின் இயந்திரம் வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் முறையை அது வகுத்தது. தொலைபேசி அழைப்புகளை நம்பியிருந்த யூஸ்நெட் அதன்பின் இணையத்தின் வழியே விரைந்து ஓடத் தொடங்கியது. முன்பெல்லாம் கேள்வி வந்து சேருவதற்கு முன்பே அதற்கு எழுதிய விடை வந்து நின்று படிப்பவரைத் திகைக்க வைப்பதுண்டு. அந்தக் குழப்பம் மெல்லமெல்லக் குறைந்தது.

வியப்பு என்னவெனில், அதே 1986-இல் அஞ்சலும் தன் குறையை நீக்கிக்கொண்டது. பாரிஸ் நகரில் மாணவராக இருந்த எரிக் தாமஸ் என்பவர் லிஸ்ட்செர்வ் என்னும் நிரலை எழுதினார். சேர விரும்புகிறவர் அந்த நிரலுக்கு ஒரு சிறு மடல் அனுப்பினால் போதும். நிரலே அவர் பெயரை அட்டவணையில் சேர்த்துவிடும். விலக விரும்பினாலும் அவ்வாறே. ஸ்டெபெருட் கையால் செய்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் என்னும் வலையமைப்பில் அஞ்சற் குழுக்கள் பல்கிப் பெருகின. மடல்கள் பெருகி அஞ்சற்பெட்டி நிரம்பித் தொல்லை தந்தபோது, ஒரு நாளின் மடல்களை எல்லாம் ஒன்றாகத் தொகுத்து ஒரே மடலாக அனுப்பும் வழக்கமும் இருந்தது.

ஆகவே செலவுக் கணக்கு மட்டும் தேர்வை முடிவு செய்யவில்லை. இரண்டின் இயல்பும் வேறு. அஞ்சலில் வருவது உங்கள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதைப் பாராமல் இருக்க முடியாது. அதே சமயம் அது உங்களுடையதாகவும் ஆகிவிடுகிறது. நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த நிருவாகியும் அதை அகற்ற முடியாது. மன்றத்தில் இருப்பது பொதுவுடைமை. விரும்பும்போது போகலாம், விரும்பாதபோது விலகி இருக்கலாம். எழுதியவை அனைத்தும் கேள்வியும் விடையுமாகக் கிளைவிட்டு வரிசையாக நிற்கும். எது வரை படித்தோம் என்பதை இயந்திரம் குறித்துவைக்கும். லாரி வால் 1984-இல் எழுதிய படிப்பு நிரலில், இன்னாருடைய எழுத்தும் இன்ன பொருளும் எனக்கு வேண்டா என்று சொல்லிவைக்கும் வசதிகூட இருந்தது. ஆனால், அகற்றப்பட்ட செய்தி அகற்றப்பட்டதே. மன்றத்துச் சுவர் மழையில் கரைவதைப் போலச் சில வாரங்களில் எல்லாம் மறைந்துவிடும்.

1980-களின் பிற்பகுதியும் 1990-களின் தொடக்கமும் மன்றத்தின் பொற்காலம். 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் செய்திக்குழுக்களின் பெயர்கள் எல்லாம் மாற்றி அமைக்கப்பட்டன. கணிப்பொறி, அறிவியல், சமூகம், பொழுதுபோக்கு முதலிய ஏழு பெரும் பிரிவுகள் ஏற்பட்டன. அந்த ஏழிலும் அடங்க மறுத்தவர்களுக்கு எட்டாவதாக ஒரு பிரிவும் 1987-இல் தோன்றியது. உலகையே மாற்றிய இரண்டு அறிவிப்புகளை 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்த மன்றங்களில் காண்கிறோம். 6-ஆம் நாள் டிம் பெர்னர்ஸ் லீ தம் உலகளாவிய வலை என்னும் திட்டத்தை ஒரு செய்திக்குழுவில் விவரித்தார். 25-ஆம் நாள் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயக்க முறைமை எழுதிவருவதாக மற்றொரு செய்திக்குழுவில் அறிவித்தார். அதுவே பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. அறிமுகம் இல்லாத ஒரு மாணவன் சாவடிக்கு வந்து சுவரில் எழுதிவிட்டுப் போகலாம்; அதைக் கண்ட அயலார் நாளை அவனுக்குத் துணைவர் ஆகலாம். முன்பே முகவரி அறிந்தவர்களுக்கு மட்டும் செல்லும் அஞ்சல் இந்த வாய்ப்பை அவ்வளவு எளிதில் தராது. மன்றத்தின் பெருமை இதுவே.

பெருமை எதுவோ அதுவே குறையும் ஆயிற்று. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அமெரிக்கக் கல்லூரிகளில் புதிய மாணவர் சேர்வர். மன்றத்தின் ஒழுங்கை அறியாமல் எதையேனும் எழுதிவிடுவர். பழையவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். ஓரிரு மாதத்தில் அமைதி திரும்பும். 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் பெரிய வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களை இலட்சக்கணக்கில் யூஸ்நெட்டுக்குள் அனுப்பத் தொடங்கின. கற்றுக்கொடுப்பவரைவிடக் கற்க வேண்டியவர் பன்மடங்கு பெருகினர். அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர்கள் பெருமூச்சு விட்டனர்.

1994 ஏப்ரல் 12 அன்று அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதியர் இருவர், அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான குலுக்கல் பற்றிய தம் தொழில் விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் ஒட்டினர். பொருள் எதுவாயினும் சரி, குழு எதுவாயினும் சரி, அந்த விளம்பரம் அங்கே நின்றது. கோபம் கொண்டோர் பல்லாயிரவர். ஆனால் வாயிலில் நிறுத்திக் கேட்பதற்குக் காவலர் இல்லை. சாவடி யாருக்கும் சொந்தமன்று. ஆகவே அதைத் துப்புரவு செய்யும் கடமையும் யாருக்கும் இல்லை. மட்டுறுத்துநர் உள்ள செய்திக்குழுக்கள் சில பிழைத்தன. அங்கே ஒருவர் எழுதியது முதலில் மட்டுறுத்துநருக்கு அஞ்சலாகச் செல்லும். அவர் ஒப்பிய பின்னரே மன்றத்தில் தோன்றும். மன்றத்தைக் காப்பதற்கு அஞ்சலையே துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். அஞ்சற் குழுக்களுக்கும் குப்பை மடல்களின் தொல்லை வராமல் இல்லை. ஆனால் உறுப்பினர் அல்லாதார் எழுத முடியாது என்று அவற்றின் உரிமையாளர் ஒரு விதி செய்துவிடலாம். அங்கே கதவு இருந்தது; கதவுக்கு ஒரு தாழும் இருந்தது.

தமிழர் வரலாறும் இந்தக் கதையில் ஓர் இடம் பெறுகிறது. யூஸ்நெட்டின் சமூகப் பிரிவில் தமிழ்ப் பண்பாட்டுக்கென ஒரு செய்திக்குழு இருந்தது. அங்கே ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்துகளில் பெயர்த்த தமிழிலும் விவாதங்கள் நடந்தன. தமிழ் எழுத்தில் எழுதினால் படிப்பவர் ஒவ்வொருவரிடமும் அதற்கு ஏற்ற எழுத்துரு இருக்க வேண்டும். யார் யார் படிக்கிறார்கள் என்றே தெரியாத மன்றத்தில் அதை எவ்வாறு உறுதிசெய்வது? 1990-களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் ஓர் அஞ்சற் குழு. உறுப்பினர் இன்னார் என்பது தெரியுமாதலால், எல்லாரும் ஒரே எழுத்துருவை நிறுவிக்கொள்வது அங்கே எளிதாயிற்று. தமிழ் எழுத்திலேயே மடல்கள் பறந்தன. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் அதற்குத் துணைநின்றது. பல நாட்டு அன்பர்கள் அஞ்சல் வழியே விவாதித்துத் திஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டை வகுத்தனர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரத்தின் தலைமையில், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டம் தொடங்கியதும் இத்தகைய மடற்கூட்டுறவின் பயனே. ஒரு பணியை முடிக்க விரும்புகிறவர்களுக்கு வீடு தேடி வரும் ஓலையே ஏற்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மன்றத்தின் பிற்கால வரலாறு துயரமானது. படங்களையும் இசையையும் திரைப்படங்களையும் அதன் வழியே அனுப்புவோர் பெருகிச் சேமிப்புச் செலவு கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. உரையாடல் விரும்பிகள் உலகளாவிய வலையின் வேறு இடங்களுக்குப் பெயர்ந்தனர். 2008-இல் அமெரிக்காவின் பெரிய இணைய நிறுவனங்கள் சில இந்தச் சேவையைக் குறைத்தன அல்லது கைவிட்டன. 2010 மே மாதத்தில், யூஸ்நெட் பிறந்த ட்யூக் பல்கலைக்கழகமே தன் செய்தி வழங்கியை நிறுத்தியது. பிறந்த வீட்டில் விளக்கணைந்தது எனலாம்.

அழிந்துபோகவிருந்த ஒரு செல்வம் காப்பாற்றப்பட்ட கதையையும் இங்கே சொல்ல வேண்டும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் கணிப்பொறிப் பொறுப்பில் இருந்த ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் பத்து ஆண்டுகள் செய்திக்குழுக்களின் பதிவுகளைக் காந்த நாடாக்களில் படியெடுத்து வைத்துவந்தார். அந்த நாடாக்கள் 141. சுமார் இருபது இலட்சம் செய்திகள் அவற்றில் இருந்தன. அந்த நாடாக்களை நண்பர்கள் சிலர் பொறுமையுடன் படித்துப் புதிய வடிவுக்கு மாற்றினர். 1995-இல் தொடங்கிய டேஜா நியூஸ் என்னும் நிறுவனத்தின் சேமிப்பைக் கூகுள் 2001-இல் விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு இறுதியில், ஸ்பென்சரின் நாடாக்களில் இருந்தவற்றையும் சேர்த்து, இருபது ஆண்டுச் செய்திகளை எல்லாரும் தேடிப் படிக்குமாறு அது வெளியிட்டது. பொது மன்றத்தின் நினைவு ஒரு தனி மனிதரின் அக்கறையாலும் ஒரு தனி நிறுவனத்தின் பொருளாலும் நிலைபெற்றது. ஆயினும் பிறர் பொருளால் நிற்பது பிறர் விருப்பத்தாலும் மாறும் அன்றோ? 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் யூஸ்நெட்டின் புதிய செய்திகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. பழையவற்றை மட்டும் பார்க்கலாம்.

அஞ்சல் வென்றது, மன்றம் தோற்றது என்று இதைக்கொண்டு முடிவு கட்டலாமா? அவ்வாறு சொல்லுதல் பொருந்தாது. செய்திக்குழுவில் பிறந்த லினக்ஸ், வளர்ந்தபின் அஞ்சற் குழுக்களையே தன் பட்டறையாகக் கொண்டது. அதன் உள்ளகத்தை உருவாக்குவோர் இன்றும் மின்னஞ்சலில்தான் நிரல்களை அனுப்பி விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த மடல்களின் வெள்ளத்தை எந்த அஞ்சற்பெட்டியும் எளிதில் தாங்காது. 2002-இல் நார்வே நாட்டின் லார்ஸ் மாக்னே இங்கெபிரிக்ட்சன், அஞ்சற் குழுக்களில் வரும் மடல்களைச் செய்திக்குழு வடிவில் படிக்கத் தரும் கிமேன் என்னும் சேவையைத் தொடங்கினார். லினக்ஸ் அன்பர்களின் அஞ்சல் ஆவணக் காப்பகமும் இன்று தன் மடல்களைச் செய்திக்குழு முறையிலும் வழங்குகிறது. எழுதுவது அஞ்சலில், படிப்பது மன்றத்தில். 1981-இல் பெர்க்கிலியில் திறந்த அந்த வாயில் இன்னும் முற்றும் அடைபடவில்லை.

ஆகவே, தேர்ந்தெடுக்க நிற்பவர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இந்த உரையாடலில் நான் பொறுப்புள்ள ஒருவனா, அல்லது கேட்டுச் செல்பவனா? பொறுப்புள்ளவருக்கு அஞ்சல் ஏற்றது. அது தட்டி எழுப்பும், பதில் கேட்கும். ஓய்வுள்ள போது வந்து கேட்டுச் செல்பவருக்கு மன்றம் ஏற்றது. அது அழைக்காது, ஆனால் கதவைத் திறந்தே வைத்திருக்கும். பேசப்பட்டதை யார் காத்துவைக்கிறார்கள் என்னும் கேள்வியையும் மறத்தலாகாது. அஞ்சலில் ஒவ்வொருவரும் காவலர். மன்றத்தில் ஒருவரேனும் காவலர் ஆகாவிட்டால் எல்லாம் காற்றோடு போகும்.

சாவடியைக் கட்டுவதற்குச் சில இளைஞர்களின் ஊக்கம் போதுமானதாக இருந்தது. அதை நாள்தோறும் பெருக்கி, விளக்கேற்றி, ஏடுகளைக் காத்துவைக்க ஆள் வேண்டும் என்பதை அன்று பலரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியவர் ஒருவர் ஒரு விலங்கியல் துறையில் நாடாக்களை அடுக்கிவைத்துக்கொண்டிருந்தார். அவர் இல்லாதிருந்தால் அந்த முதற் பத்தாண்டின் பேச்சில் நாம் இன்று படிக்கக்கூடியது மிகச் சிறிதாகவே இருந்திருக்கும்.